இறுக்கினால் போதுமா, ஸ்டீயரிங் பாக்ஸையே மாற்றணுமா? ஜீப் மேஸ்திரி பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஸ்டீயரிங் பற்றியவை. மழைக்காலம் முடிந்து மலைப் பாதையெல்லாம் குண்டும் குழியுமாகக் கிடக்கும் நேரம், ஆட்டம் தெரியத்தான் செய்யும். கிளட்ச், டீசல் பம்ப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை ஸ்டீயரிங் மட்டும்.

மேஸ்திரி அண்ணே, என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய 1982 மாடல் மஹிந்திரா ஜீப். போடியிலிருந்து மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறேன். ஸ்டீயரிங்கில் ஆட்டம் அதிகமாக இருந்ததால் பட்டறையில் பாக்ஸ் ஸ்க்ரூவை இறுக்கிக் கொடுத்தார்கள். நேர் ரோட்டில் இப்போது பரவாயில்லை. ஆனால் கொண்டை ஊசியில் ஒடித்தால் ஸ்டீயரிங் வீல் பிடித்துக்கொள்கிறது, திரும்பி வர மாட்டேன் என்கிறது. இன்னும் கொஞ்சம் பார்த்து இறுக்கினால் சரியாகுமா, பாக்ஸையே மாற்றணுமா?
வாசகர், போடிநாயக்கனூர்

தம்பி, முதலில் ஒன்று. இது சரியாகும் வரை அந்த வண்டியில் ஆள் ஏற்றாதீர்கள். போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி இருக்கிறது. வளைவில் பிடித்துக்கொள்ளும் ஸ்டீயரிங், ஆட்டமுள்ள ஸ்டீயரிங்கைவிட ஆபத்தானது. உங்கள் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் விடியற்காலையில் சோற்று வாளியோடு கிளம்பி வந்தவர்கள். அவர்களுக்கு வண்டியின் நிலைமை தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

நேரில் லேசாகவும் வளைவில் இறுக்கமாகவும் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதிலேயே விஷயம் இருக்கிறது. உங்கள் வண்டியில் வில்லிஸ் காலத்திலிருந்து வந்த ராஸ் வகை பாக்ஸ் இருக்கும். ஸ்டீயரிங் தண்டின் அடி முனையில் திருகுப் பள்ளம் வெட்டிய உருளை ஒன்று உண்டு, அதை வார்ம் என்போம். அந்தப் பள்ளத்துக்குள் இரண்டு கூம்பு முனைப் பின்கள் உட்கார்ந்திருக்கும். வீலைத் திருப்பினால் பள்ளம் பின்களைத் தள்ளும், பின் பொருத்திய தண்டு திரும்பும், அதன் வெளி முனையில் மாட்டிய டிராப் ஆர்ம் முன்னும் பின்னும் போகும்.

வண்டி ஓடும் நேரத்தில் பெரும்பகுதி நேராகத்தான் ஓடுகிறது. அதனால் வார்மின் நடுப்பகுதிதான் அதிகம் தேயும். இரண்டு ஓரமும் ஏறக்குறைய புதிது போலவே இருக்கும். பக்கவாட்டு மூடியில் உள்ள ஸ்க்ரூவை இறுக்கும்போது பின்கள் பள்ளத்துக்குள் இன்னும் ஆழமாக இறங்குகின்றன. தேய்ந்த நடுவில் ஆட்டம் மறைகிறது. தேயாத ஓரத்துக்கு வந்ததும் பின்னுக்கு இடமில்லாமல் இறுகுகிறது. இன்னும் இறுக்கினால் பின் முனை சப்பையாகும், பள்ளத்தின் விளிம்பு உதிரும். ஸ்க்ரூ சரி செய்யக்கூடிய எல்லையை உங்கள் பாக்ஸ் தாண்டிவிட்டது.

ஆனாலும் பாக்ஸ் வாங்கக் கிளம்பும் முன் ஒரு பத்து நிமிடம் செலவு செய்யுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்படி, இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவரை வீலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சின்னதாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்துக் கையை வைத்துப் பாருங்கள். கண்ணைவிடக் கை நன்றாகச் சொல்லும்.

முதலில் பாக்ஸை சேஸிஸோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள். பாக்ஸே சேஸிஸின் மேல் அசைகிறதா? அந்த இடத்தில் துருக்கோடு போல மெல்லிய விரிசல் தெரிகிறதா? பழைய ஜீப்பில் அங்கே சேஸிஸ் விரிவது அடிக்கடி பார்க்கிற விஷயம். விரிசல் மேல் புது பாக்ஸ் மாட்டினால் காசு போனதுதான் மிச்சம். அடுத்து டிராப் ஆர்ம். வீல் ஆடும்போது ஆர்ம் சும்மா இருந்தால் ஆட்டம் பாக்ஸுக்குள். ஆர்ம் உடனே அசைந்து சக்கரம் அசையத் தாமதித்தால் ஆட்டம் வெளியே இருக்கிறது: ஆர்மிலிருந்து சக்கரப் பக்கம் போகும் கம்பியான டிராக் லிங்க்கின் முனைகள், இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராட் முனைகள், சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சான கிங் பின், வீல் பேரிங், ஸ்பிரிங் பட்டையின் முனையில் உள்ள ஷேக்கிள் புஷ். உங்கள் மாடலில் நடுவில் அசைவின் திசையை மாற்றித் தரும் பெல் கிராங் இருந்தால் அதைக் கையால் மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். அந்த புஷ் தேய்ந்து, பழி முழுவதும் பாக்ஸ் மேல் விழுந்த வண்டிகளை நிறைய பார்த்திருக்கிறேன்.

உங்கள் வண்டியில் வளைவு இறுக்கமும் இருப்பதால் பாக்ஸ் வேலை உறுதி. மற்றவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது, கழற்றும்போதே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்பதற்காக.

பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள். ஹாரன் ஒயர் ஸ்டீயரிங் குழாய்க்குள்தான் வருகிறது. டிராக் லிங்க்கைப் பிரித்த பிறகு டிராப் ஆர்மையும் அதன் தண்டையும் சேர்த்து ஒரு கோடு சுரண்டி அடையாளம் வையுங்கள். ஆர்மை எடுக்க, பிடித்து இழுக்கும் கருவியான புல்லர் மட்டும்தான். சுத்தியலால் தட்டி எடுக்கும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அந்த அடி தண்டு வழியாகப் பின்னுக்கும் வார்முக்கும் போகிறது. கழற்றுவது எப்படியும் பழைய பாக்ஸ்தானே என்று விட்டுவிடலாம், ஆனால் அதே கை புது பாக்ஸில் ஆர்மை மாட்டும்போதும் சுத்தியலைத்தான் தேடும். பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

இந்த வகை பாக்ஸில் வார்மும் நீளத் தண்டும் ஒன்றாக இருப்பதால் வீலை எடுத்து, டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள கிளாம்பையும் தரைத் தகட்டையும் கழற்றி, முழு நீளத்தையும் கீழ்ப்பக்கமாக இறக்க வேண்டும். மட்கார்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டிவரலாம். இரண்டு பேர் இருந்தால் நல்லது.

பழைய பாக்ஸையே திறந்து புதுப்பிக்க நினைத்தால் வார்ம், பின் தண்டு இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். புதுப் பின்னைத் தேய்ந்த பள்ளத்தில் ஓடவிட்டால் பின் சீக்கிரமே பள்ளத்தின் வடிவத்துக்குத் தேய்ந்துவிடும். பின் தண்டு ஓடும் புஷ்ஷையும் மாற்றி, லேத்தில் கொடுத்து ரீமர் போட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். புஷ் லூஸாக இருக்கும் பாக்ஸில் எந்த ஆயில் சீலும் நிற்காது. உறையில் விரிசல் இருந்தாலோ புஷ் உட்காரும் துளை அகன்றிருந்தாலோ அதற்கு மேல் செலவு செய்யாதீர்கள், முழு பாக்ஸ் வாங்குங்கள்.

செட்டிங்கில் ஒரு வரிசை உண்டு, அதை மாற்றக் கூடாது. வார்மின் மேல் கீழ் ஆட்டத்தை மேல் மூடிக்கு அடியில் உள்ள ஷிம் எனும் மெல்லிய தகடுகளை எடுத்துச் சரி செய்வது முதலில். தண்டு தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் அசையக் கூடாது. அதன் பிறகுதான் பக்கவாட்டு ஸ்க்ரூ. டிராக் லிங்க் கழன்றிருக்கும்போது வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகச் சுற்றி எண்ணி, அதில் பாதிக்குக் கொண்டுவாருங்கள். அதுதான் நடு. அந்த நடுவில் விரலுக்குத் தெரியும் அளவுக்கு ஒரு சின்னப் பிடிப்பு வரும் வரை ஸ்க்ரூவை உள்ளே விட்டு லாக் நட்டைப் பூட்டுங்கள். நடுவைத் தாண்டி இரண்டு பக்கமும் வீல் லேசாகப் போக வேண்டும். பூட்டிய பிறகு மறுபடி ஒரு முறை சுற்றிப் பார்த்துவிடுங்கள், லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பியிருக்கும்.

எவ்வளவு ஆட்டம் வரை பொறுக்கலாம் என்று பலரும் கேட்கிறார்கள். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98வது விதி, வீலில் 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது என்கிறது. 40 சென்டிமீட்டர் குறுக்களவு வீலில் அது விளிம்பில் சுமார் 10 சென்டிமீட்டர் வரும். மலையில் ஓடும் வண்டிக்கு அந்த அளவே எனக்கு அதிகம். 5 சென்டிமீட்டரைத் தொட்டால் நான் வண்டியைப் பட்டறைக்குள் இழுத்துவிடுவேன்.

கொடைக்கானல் மேல்மலையில் உருளை, பூண்டு ஏற்றும் ஜீப். போன மாதம்தான் புது ஸ்டீயரிங் பாக்ஸ் மாட்டினேன். ஆட்டம் குறைந்தது. ஆனால் இறக்கம் முடிந்து வத்தலக்குண்டு ரோட்டில் 50-ஐத் தொட்டால் முன்பக்கம் முழுவதும் உதறுகிறது. வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கிறது. புது பாக்ஸ் சரியில்லையோ?
வாசகர், பூம்பாறை

பாக்ஸ் உதறலை உண்டாக்காது. பழைய பாக்ஸின் ஆட்டம் அந்த உதறலை உங்கள் கைக்கு வரவிடாமல் வைத்திருந்தது, புது பாக்ஸ் அப்படியே கொண்டுவந்து கொடுக்கிறது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங். போகாவிட்டால் கிங் பின். இந்த வண்டிகளில் கிங் பின் பேரிங்கின் இறுக்கம் ஷிம்மில்தான் இருக்கிறது. பேரிங் தேய்ந்து அந்த இறுக்கம் போய்விட்டால் சக்கரத்தை அடக்க எதுவும் இல்லை, ஒரு குழியில் இறங்கி ஏறினால் போதும், உதறல் ஆரம்பிக்கும்.

அது சரியாக இருந்தால் டை ராட் முனைகள், டயர் பேலன்ஸ், டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் சற்று உள்ளே நெருங்கி நிற்கும் அளவு) என்று வரிசையாகப் போங்கள். டோ-இன் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் போதும். இன்னொன்றையும் யோசியுங்கள். மூட்டை ஏற்றுவதற்காகப் பின்னால் ஸ்பிரிங் பட்டை சேர்த்திருக்கிறீர்களா? பின்பட்டை உயர்ந்தால் வண்டி முன்னால் குனியும், முன் அச்சும் சேர்ந்து முன்னால் சாயும், கிங் பின் பின்னால் சாய்ந்திருக்கும் காஸ்டர் கோணம் குறையும். வளைவு முடிந்ததும் வீல் தானாக நேருக்கு வருவது அந்தக் கோணத்தால்தான். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைத்துத் திருத்தலாம். அலைன்மென்ட் மெஷின் உள்ள இடத்தில் அளந்து பார்த்துவிட்டு வையுங்கள், கண் மதிப்பில் வேண்டாம்.

வால்பாறையில் இருந்து எழுதுகிறேன் சார். பாக்ஸ் மாற்றியதிலிருந்து வலது பக்கம் முழுதாக ஒடிகிறது, இடது பக்கம் பாதியில் நிற்கிறது. ஆழியாறு ஏற்றத்தில் இடது வளைவுகளில் ரிவர்ஸ் எடுத்துத் திரும்ப வேண்டியிருக்கிறது. மெக்கானிக் ‘ஓடஓடச் சரியாகிவிடும்’ என்கிறார்.

ஓடஓடச் சரியாகாது. 40 கொண்டை ஊசி உள்ள பாதையில் ஒவ்வொரு இடது வளைவிலும் பின்னால் எடுத்துத் திருப்புவது உயிரோடு விளையாடுவது.

சக்கரம் நேராக நிற்கும்போது பாக்ஸ் அதன் நடுவில் இல்லை. ஆர்மைப் பல் மாறி மாட்டியிருக்கிறார்கள், அல்லது பாக்ஸை எண்ணி நடுவுக்குக் கொண்டுவராமல் கைக்கு வந்த இடத்தில் ஆர்மைச் செருகியிருக்கிறார்கள். இதில் திருப்பம் குறைவது மட்டும் பிரச்சினையில்லை. ராஸ் பாக்ஸ் ஆகட்டும், பின்னால் வந்த ரீசர்குலேட்டிங் பால் பாக்ஸ் ஆகட்டும், நடுவில்தான் மிக நெருக்கமாக அமைக்கப்படுகிறது. நடுவை விட்டு விலகினால் இடைவெளி கூடும். உங்கள் வண்டி நேராக ஓடும்போது பாக்ஸ் அந்த இடைவெளிப் பகுதியில் நிற்கிறது. அதனால் புது பாக்ஸிலும் ஆட்டம் தெரியும், உடனே யாராவது ஸ்க்ரூவை இறுக்குவார், அப்புறம் நடுவைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பல் அரைபடும்.

டிராப் ஆர்மைக் கழற்றுங்கள். பாக்ஸை எண்ணி நடுவில் நிறுத்துங்கள். சுற்றும்போது கோடியில் வேகமாக மோதவிடாதீர்கள், பால் பாக்ஸாக இருந்தால் உருண்டைகள் ஓடும் வழிக்குழாய் நசுங்கும். முன் சக்கரம் இரண்டையும் நேராக வைத்துவிட்டு ஆர்மைச் செருகுங்கள். பல்லில் பொருந்தும் இடத்துக்கும் டிராக் லிங்க் துளைக்கும் கொஞ்சம் வித்தியாசம் வந்தால் லிங்க்கின் நீளத்தில் சரி செய்யுங்கள், பாக்ஸைத் திருப்பி அல்ல. வீலின் கம்பி கோணலாக நின்றால் வீலைக் கழற்றி நேராக மாட்டுங்கள். கடைசியாக அச்சில் உள்ள ஸ்டாப் போல்ட்டைப் பாருங்கள். முழுதாக ஒடிக்கும்போது சக்கரம் அந்த போல்ட்டில்தான் முட்டி நிற்க வேண்டும், பாக்ஸ் தன் கோடியில் முட்டக் கூடாது.

சென்னை புதுப்பேட்டையில் பழைய பாக்ஸ் ஒன்று பார்த்திருக்கிறேன். வண்டியில் மாட்டாமல் அது நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
வாசகர், தாம்பரம்

தண்டைக் கையால் கோடிக்குக் கோடி மெதுவாகச் சுற்றுங்கள். நடுவைக் கடக்கும்போது மட்டும் ஒரே சீரான சின்னப் பிடிப்பு இருந்தால் நல்லது. கரகரவென்று மணல் அரைவது போலத் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது, கீழே வைத்துவிடுங்கள். நடுவில் தளர்ந்து ஓரத்தில் இறுகினால் அதுவும் மேலே போடி வாசகர் வண்டியில் இருக்கும் பாக்ஸின் கதைதான். அடுத்து டிராப் ஆர்ம் மாட்டும் தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். அசைந்தால் உள்ளே புஷ் இல்லை. அந்தத் தண்டின் பல்லை எண்ணெய் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பல் முறுக்கிக்கொண்டிருந்தால் அந்த வண்டி எங்கோ பலமாக மோதியிருக்கிறது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வெல்டிங் தழும்பு உள்ள உறையையும் தொடாதீர்கள். சாதாரண வெல்டிங் வார்ப்பில் நம்பிக்கையாகப் பிடிக்காது, அதுவும் இந்த இடத்தில். உங்கள் பழைய டிராப் ஆர்மைக் கையோடு கொண்டுபோய் பல் பொருந்துகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும் பாக்ஸ்களில் தண்டு அளவு மாறும். பால் வகை பாக்ஸ் என்றால் புதிதாகவே கிடைக்குமா என்று முதலில் உதிரிபாகக் கடைகளில் கேளுங்கள். ஸ்டீயரிங் பாகங்கள் செய்வதில் பெயர்பெற்ற ரானே நிறுவனம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. ஸ்டீயரிங், பிரேக் இரண்டிலும் பழைய சாமானைக் கடைசி வழியாகத்தான் நான் வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு 70 வயது. கோத்தகிரியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அவரேதான் இன்னும் ஜீப் ஓட்டுகிறார். தோள் வலியால் ஸ்டீயரிங் திருப்பக் கஷ்டப்படுகிறார், ஆனால் வண்டியை விட மனமில்லை. பொலிரோ பவர் ஸ்டீயரிங் பாக்ஸ் மாட்டலாம் என்கிறார்கள். செய்யலாமா ஐயா?
வாசகி, கோத்தகிரி

அம்மா, அப்பாவின் ஜீப்பை வைத்திருக்க நினைக்கிறீர்கள், அதுவே எனக்குச் சந்தோஷம்.

பவருக்குப் போகும் முன், இந்த வண்டி ஆரம்பத்திலிருந்தே இவ்வளவு கனமாகவா இருந்தது என்று அப்பாவிடம் கேளுங்கள். இடையில் கனமானது என்றால் காரணம் வேறு. அகல டயர் மாற்றியிருப்பார்கள், அல்லது காற்று குறைவாக இருக்கும், கிங் பின்னுக்கு கிரீஸ் போகாமல் இறுகியிருக்கும், பாக்ஸ் ஸ்க்ரூவை யாராவது இறுக்கியிருப்பார்கள். டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு வீலைச் சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால் கனம் அச்சுப் பக்கம், அப்போதும் கனமாக இருந்தால் பாக்ஸ் பக்கம். வண்டி தன் பழைய நிலைக்குத் திரும்பினாலே, மெதுவாக உருளும்போது திருப்பினால் பெரிய பாரம் தெரியாது. நின்ற இடத்தில் திருப்பும் பழக்கத்தை மட்டும் அப்பா விட்டுவிட வேண்டும்.

அதற்குப் பிறகும் தோள் இடம் கொடுக்காவிட்டால் பவர் வைக்கலாம், நன்றாகச் செய்துகொடுக்கும் பட்டறைகள் இருக்கின்றன. இன்ஜினில் பம்ப் மாட்ட பிராக்கெட், பெல்ட், ஆயில் ஹோஸ் எல்லாம் வேண்டும். எனக்கு இதில் கவலை தருவது சேஸிஸ். பவர் பாக்ஸ் தள்ளும் விசை, கை தள்ளும் விசையைவிடப் பல மடங்கு. பழைய சேஸிஸில் நாலு துளை போட்டு மாட்டினால் அந்த இடம் விரியும். உட்புறம் கனத்த தகடு, போல்ட்டுக்கு உள்ளே குழாய், 8.8 தரத்துக்குக் குறையாத போல்ட் என்று பட்டறையிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வெல்டிங் முடிந்ததும் பெயின்ட் அடிக்கும் முன் ஒரு முறை போய்ப் பாருங்கள். டிராப் ஆர்மின் நீளமும் பழைய அளவுக்கு ஒத்துவர வேண்டும், இல்லாவிட்டால் குழியில் இறங்கும்போது வண்டி தானாகப் பக்கம் இழுக்கும். மாற்றத்துக்கு அனுமதி வேண்டுமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாக்ஸில் ஆயில் ஒழுகுகிறது. கிரீஸ் அடைத்துவிட்டால் ஒழுகாது என்று சொல்கிறார்கள், சரியா?
வாசகர், ஏற்காடு

ஒழுகாது, உள்ளே தேயும். பல்லும் பின்னும் ஓடும் பாதையிலிருந்து கிரீஸ் ஒருமுறை ஒதுங்கிவிட்டால் அது திரும்ப வந்து விழாது, சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் இரும்போடு இரும்பு உரசும். இந்தக் கை ஸ்டீயரிங் பாக்ஸுக்கு 90 அல்லது 140 கியர் ஆயில்தான், வண்டிப் புத்தகத்தில் எது போட்டிருக்கிறதோ அது. சீலை மாற்றுங்கள். புது சீலும் சில வாரத்தில் ஒழுகினால் தண்டின் புஷ்ஷைப் பாருங்கள். ஒவ்வொரு முறை வண்டிக்கு கிரீஸ் அடிக்கும்போதும் பாக்ஸின் ஆயில் மூடியைத் திறந்து ஒரு கம்பி விட்டு அளவு பாருங்கள். கம்பியில் வரும் எண்ணெயை விரலில் தேய்த்துப் பாருங்கள். பளபளவென்று இரும்புத் தூள் தெரிந்தால், எந்த மாடல், எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்ற விவரத்தோடு எனக்கு எழுதுங்கள்.